அரியலூர் - பெரம்பலூர் நிலத்தோற்ற ஒளிப்படக்கலை

அரியலூர் - பெரம்பலூர் நிலத்தோற்ற ஒளிப்படக்கலை என்பது தமிழ்நாட்டின் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் உள்ள ஆற்றுப்படுகை, ஏரி, களிமண் பாழ்நிலம், மலை ஆகியவற்றைக் களத்தில் நடந்து சென்று ஒளிப்படமாகப் பதிவு செய்வதைக் குறிக்கும். கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த திருமழபாடி இப்பகுதியின் தெற்கு எல்லையிலும், கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியான பச்சைமலை வடமேற்கு எல்லையிலும் உள்ளன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தின் ஒரு பகுதி, கிரீத்தேசியக் காலத்தில் கடலடியில் படிந்த பாறைகளால் ஆனது.

பிற இடங்களில் நிலத்தோற்ற ஒளிப்படம் பெரும்பாலும் அழகுக்காக எடுக்கப்படுகின்றது. இப்பகுதியில் அதற்குச் சான்று என்ற மற்றொரு பயனும் உண்டு. இங்குள்ள மென்மையான களிமண் பாறைகள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அரிக்கப்படுகின்றன. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களாலும் நிலத்தின் வடிவம் மாறுகின்றது. இவ்வாறு மறைந்துபோகும் நிலத்துக்கும் அதில் வெளிப்படும் புதையுயிர் எச்சங்களுக்கும் சில வேளைகளில் ஒளிப்படம் மட்டுமே எஞ்சுகின்றது.

நிலப்பரப்பு

திருமழபாடியும் கொள்ளிடமும்

திருமழபாடி அரியலூர் மாவட்டத்தில் உள்ள தேவாரப் பாடல் பெற்ற தலமாகும். இங்குள்ள வைத்தியநாதசுவாமி கோயிலில் பங்குனி மாதம் நடைபெறும் நந்தி திருக்கல்யாணம் புகழ்பெற்றது. கோடையில் கொள்ளிடம் பெரும்பாலும் அகன்ற வெண்மணற் பரப்பாகவே காணப்படும். காவிரியில் வெள்ளம் வரும்போது முக்கொம்பு மேலணையிலிருந்து உபரி நீர் கொள்ளிடத்தில் திறந்துவிடப்படுவதால், அதே இடம் சில மணி நேரத்தில் கரை தொடும் ஆறாக மாறிவிடக்கூடும்.

மார்கழி, தை மாதங்களில் கதிரவன் தென்கிழக்கில் எழுந்து தென்மேற்கில் மறைகின்றது. எனவே வடகரையில் நிற்பவருக்கு இம்மாதங்களில் காலை, மாலை ஆகிய இரு வேளைகளின் ஒளியும் ஆற்றின் மீதாகவே வந்து சேரும். ஆனி மாதத்தில் கதிரவன் வடக்கே சாய்ந்து செல்வதால் இவ்வாய்ப்புக் குறைகின்றது.

கரைவெட்டி

கரைவெட்டி அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஒரு பாசன ஏரியாகும். இது 1999 ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆம் ஆண்டு ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இதன் பரப்பளவு சுமார் 454 எக்டேர் ஆகும். குளிர்காலத்தில் பட்டைத்தலை வாத்துகள் இமயமலையைக் கடந்து இங்கு வருகின்றன. பெயர் ஒத்திருப்பினும், கரைவெட்டியும் பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள காரையும் வெவ்வேறு இடங்களாகும்.

காரைப் பாழ்நிலம்

காரை, பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் உள்ள ஊராகும். இவ்வூரின் அருகே களிமண் பாறைகள் நீரால் அரிக்கப்பட்டு, நூற்றுக்கணக்கான சிறு ஓடைகளும் கூர்மையான முகடுகளும் கொண்ட பாழ்நிலமாக மாறியுள்ளன. செடிகொடிகள் மிகக் குறைவாதலால் நிலத்தின் வடிவம் மறைவின்றித் தெரிகின்றது. களிமண்ணின் ஊடே ஜிப்சப் படலங்கள் ஓடுகின்றன. அம்மோனைட்டு, பெலெம்னைட்டு ஆகிய கடல்வாழ் உயிரினங்களின் எச்சங்களும் இங்குக் கிடைக்கின்றன. இப்பாறைகள் நிலவியலில் காரை உருவாக்கம் என அழைக்கப்படுகின்றன. இவற்றின் வயது சுமார் 9 கோடி முதல் 11 கோடி ஆண்டுகள் ஆகும்.

சாத்தனூர்

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடந்த நிலையில் உள்ளது. நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் இதனை 1940 ஆம் ஆண்டு கண்டறிந்தார். இது இந்திய நிலவியல் ஆய்வுத்துறையால் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கப்படுகின்றது.

பச்சைமலை

பச்சைமலை திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், சேலம் ஆகிய மாவட்டங்களில் பரவியுள்ளது. பெரம்பலூர் பக்கத்தில் இலாடபுரம் அருகே உள்ள மயிலூற்று அருவியில் மழைக்காலத்தில் நீர் வரத்து இருக்கும். சமவெளியிலிருந்து மலையையும், மலையிலிருந்து சமவெளியையும் படமெடுக்க ஏற்ற இடங்கள் இதன் அடிவாரத்திலும் சரிவுகளிலும் உள்ளன.

வரலாறு

இப்பகுதியின் பாறைகளைப் பற்றிய தொடக்க கால ஆய்வுகள் ஒளிப்படங்களின்றியே நடைபெற்றன. எச். எஃப். பிளான்ஃபோர்டு 1862 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அதனைத் தொடர்ந்து ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இங்குக் கிடைத்த உயிரெச்சங்களை விரிவாக விளக்கி எழுதினார். அந்நூல்களில் உள்ள உருவங்கள் கையால் வரைந்து கல்லச்சில் அச்சிடப்பட்டவையாகும்.

அக்காலத்தில் ஒளிப்படக்கலை இவ்வட்டாரத்துக்கு மிக அருகில் வந்திருந்தது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1857 ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய பயணத்தில் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய இடங்களைப் படமெடுத்தார். சேலம் மாவட்டத்து இராயக்கோட்டை முதலிய மலைப்பகுதிகளின் படங்களும் அவருடைய தொகுப்புகளில் உள்ளன. இத்தொகுப்புகள் 1858 ஆம் ஆண்டு வெளியாயின. அவர் மெழுகிட்ட காகித நெகட்டிவ்களைப் பயன்படுத்தினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒரே நீண்ட படமாக இணைத்தார். அழியக்கூடிய ஒன்றுக்கு ஒளிப்படம் சான்றாகும் என்ற நோக்கம் இப்பணியில் தெளிவாகக் காணப்படுகின்றது.

சாமுவேல் பார்ன் 1863 முதல் 1866 வரை மூன்று முறை இமயமலைக்குச் சென்று ஈரக் கொலோடியன் முறையில் படமெடுத்தார். இம்முறையில் கண்ணாடித் தகட்டை அவ்விடத்திலேயே ஈரமாகத் தயாரித்து, உலருமுன் கழுவ வேண்டும். எனவே அவர் இருட்டறைக் கூடாரத்தையும் வேதிப்பொருட்களையும் கூலியாட்களின் தோளில் ஏற்றிச் செல்ல வேண்டியிருந்தது. இவ்வாறு அவர் சுமார் 18,600 அடி உயரமுள்ள மணிராங் கணவாய் வரை சென்றார்.

தமிழகத்தில் இயற்கை ஒளிப்படத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் மா. கிருஷ்ணன் (1912 - 1996) ஆவார். இவர் எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். பல கருவிகளின் பாகங்களை இணைத்துத் தாமே அமைத்த கருவியால் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். 1970 ஆம் ஆண்டு பத்மசிறீ விருது பெற்றார்.

சான்றாக ஒளிப்படம்

பிருகத்காயோசாரசு

அரியலூர் மாவட்டம் கல்லமேடு அருகே கிடைத்த பெரிய எலும்புகளை அடிப்படையாகக் கொண்டு, யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் 1987 ஆம் ஆண்டு பிருகத்காயோசாரசு என்ற தொன்மாவை விவரித்தனர். இதன் கணைக்கால் எலும்பு சுமார் 2 மீட்டர் நீளமுடையது எனக் கூறப்பட்டது. இது சரியாயின், அறியப்பட்ட நிலவாழ் விலங்குகளுள் மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்றாகும். ஆனால் அக்கட்டுரையில் படங்கள் மிகக் குறைவாகவே இருந்தன. எலும்புகளோ பாதுகாக்கப்படுமுன்னரே சிதைந்துவிட்டன. மீண்டும் சோதித்துப் பார்க்க மூலப்பொருள் இல்லாமற் போகவே, அவை எலும்புகள்தாமா, கல்மரத் துண்டுகளா என்ற ஐயமும் எழுந்தது.

2022 ஆம் ஆண்டு சௌரவ் பால், அய்யாசாமி ஆகியோர், அதுவரை வெளியிடப்படாத பழைய களப்படங்களை வெளியிட்டனர். அவற்றின் துணைகொண்டு அவை நீண்ட கழுத்துடைய சவுரோபோடு வகைத் தொன்மாவின் எலும்புகளே என அவர்கள் வாதிட்டனர். எலும்புகள் அழிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னர் அவற்றைப் பற்றிய விவாதம் ஒளிப்படங்களைக் கொண்டே தொடர முடிந்தது.

குன்னம் உருண்டைகள்

இதற்கு மாறான நிகழ்வு 2020 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நடந்தது. பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் எடுக்கும்போது கிடைத்த உருண்டை வடிவக் கற்களின் படங்கள் தொன்மா முட்டைகள் என்ற செய்தியுடன் சமூக வலைத்தளங்களில் பரவின. அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட்டு எச்சங்களைச் சுற்றி உருவான படிவ உருண்டைகள் என நிலவியலாளர்கள் விளக்கினர். ஒரு பொருளின் வெளித்தோற்றத்தை மட்டும் காட்டும் படம் தவறான முடிவுக்கும் வழிவகுக்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

களத்தில் படமெடுக்கும் முறை

ஒளி

காரை போன்ற பாழ்நிலங்களின் வடிவத்தை நிழலே காட்டுகின்றது. நண்பகலில் ஒளி நேர் மேலிருந்து விழுவதால் முகடும் ஓடையும் ஒரே தளமாகத் தெரியும். கதிரவன் எழுந்த பின்னரும் மறைவதற்கு முன்னரும் உள்ள சுமார் ஒரு மணி நேரத்தில் பக்கவாட்டு ஒளி விழுகின்றது. அப்போது ஒவ்வொரு முகடும் தனித்துத் தெரியும்.

ஒளியளவு

ஒளிப்படக்கருவியின் ஒளிமானி, காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதி அளக்கின்றது. எனவே கொள்ளிடத்து வெண்மணல் படத்தில் மங்கலாகப் பதியும். இதனைத் தவிர்க்க ஒளியளவை அரை முதல் ஒரு படி கூட்டலாம். காரையில் இதற்கு நேர்மாறான சிக்கல் ஏற்படுகின்றது. கருமையான களிமண்ணுக்கு நடுவில் மின்னும் ஜிப்சத் துண்டுகள் விவரமின்றி வெளிறிவிடும். அங்கு ஒளியளவைச் சற்றுக் குறைப்பது நல்லது. முன்னே உள்ள கல்லும் தொலைவில் உள்ள முகடும் ஒருங்கே தெளிவாகத் தெரிய, வில்லைத்துளையை எஃப்/8 முதல் எஃப்/16 வரை சிறிதாக்கி முக்காலியைப் பயன்படுத்துவர்.

அளவும் இடமும்

மரங்களற்ற நிலத்தில் 1 மீட்டர் ஓடையும் 10 மீட்டர் பள்ளமும் படத்தில் ஒன்று போலவே தோன்றும். எனவே சான்றுக்காக எடுக்கும்போது ஒரே பொருளைக் குறைந்தது மூன்று படங்களாக எடுப்பது வழக்கம். முதற் படம் சுற்றுப்புறத்தையும், இரண்டாவது பொருள் பதிந்திருக்கும் பாறை அடுக்கையும், மூன்றாவது அளவுகோலுடன் பொருளையும் காட்ட வேண்டும். அளவுகோல் இல்லாதபோது நாணயம் அல்லது பேனாவை வைக்கலாம். நாள், நேரம், புவியிடங்காட்டி எண்கள், படமெடுத்த திசை ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

மறுபதிவு

ஒரே இடத்தில் நின்று, ஒரே குவியத்தொலைவில், ஒரே பருவத்தில் ஆண்டுதோறும் படமெடுப்பது மறுபதிவு முறை எனப்படும். 1880களின் இறுதியில் செபாஸ்டியன் ஃபின்ஸ்டர்வால்டர் ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகளை அளக்க இம்முறையைப் பயன்படுத்தினார். ஓடைகள் எவ்வளவு விரைவாக விரிகின்றன, மணற்படுகை எங்கு நகர்கின்றது என்பவற்றை அறிய இது எளிய வழியாகும். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பள்ளி, கல்லூரி மாணவர்கள் கைப்பேசியைக் கொண்டே இதனைச் செய்ய இயலும்.

பாதுகாப்பும் விதிகளும்

* பாழ்நிலத்தில் நிழலும் குடிநீரும் கிடைப்பது அரிது. சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் மிகக் கடுமையாக இருக்கும்.
* மழை பெய்த களிமண் வழுக்கும். ஓடைக் கரைகள் சரியும். முகடுகளின் மேல் நடப்பது ஆபத்தானது என்பதுடன் அரிப்பையும் விரைவுபடுத்தும்.
* கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளில் தேங்கிய நீர் மிக ஆழமாக இருக்கலாம். இயங்கும் சுரங்கங்களுக்குள் அனுமதியின்றி நுழையக்கூடாது.
* கொள்ளிடப் படுகையில் இறங்குமுன் நீர் திறப்பு அறிவிப்புகளை அறிந்துகொள்ள வேண்டும். 2018 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத வெள்ளத்தில் முக்கொம்பில் கொள்ளிட அணையின் மதகுகளே இடிந்து விழுந்தன.
* காப்புக்காடுகளில் நுழைய வனத்துறையின் அனுமதி தேவை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.
* ஆளில்லா வானூர்திகளைக் கொண்டு படமெடுப்பது 2021 ஆம் ஆண்டின் விதிகளுக்கு உட்பட்டது. சரணாலயங்களில் இவை பறவைகளை அச்சுறுத்தும்.
* புதையுயிர் எச்சங்களை எடுத்துச் செல்லாமல் படமெடுத்துவிட்டு அங்கேயே விடுதல் வேண்டும். பாறை அடுக்கிலிருந்து பிரிக்கப்பட்ட எச்சம், அதன் காலத்தை அறிய உதவும் சான்றை இழந்துவிடுகின்றது.

நிலப் பாதுகாப்பில் பங்கு

அமெரிக்காவில் வில்லியம் ஹென்றி ஜாக்சன் 1871 ஆம் ஆண்டு எடுத்த யெல்லோஸ்டோன் படங்கள், மறு ஆண்டே அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்படத் துணைபுரிந்தன. ஆன்செல் ஆடம்சின் சியேரா நெவாடா படங்களும் 1940 ஆம் ஆண்டு கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா அமைவதற்கு உதவின. நேரில் பார்த்திராதவர்களுக்கும் அந்நிலத்தின் மதிப்பை இப்படங்கள் உணர்த்தின.

அரியலூர், பெரம்பலூர் பகுதியில் சாத்தனூர் கல்மரமும் கரைவெட்டி ஏரியும் சட்டப்படியோ நிறுவன அடிப்படையிலோ பாதுகாப்புப் பெற்றுள்ளன. அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் அமைக்கப்பட்டுள்ளது. எனினும் அருங்காட்சியகத்தால் எடுத்துச் செல்லக்கூடிய கல்லையே காக்க முடியும். ஓடையின் வளைவையும் பாறை அடுக்கின் வரிசையையும் எச்சம் கிடந்த நிலையையும் அவ்விடத்திலேயே காக்க வேண்டும். அது இயலாதபோது அளவும் இடமும் நாளும் குறித்த ஒளிப்படங்களாகவாவது பதிந்து வைக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* திருமழபாடி
* கொள்ளிடம்
* கரைவெட்டி பறவைகள் சரணாலயம்
* சாத்தனூர் கல்மரப் பூங்கா
* பச்சைமலை
* மா. கிருஷ்ணன்