சிமென்ட், சாந்து, கான்கிரீட்

சிமென்ட் ஒட்டும் பொருள் மட்டுமே. அதையே கட்டடத்தின் வலிமையாக எண்ணுவதுதான் பல விரிசல்களுக்குக் காரணம். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியசில் சுட்டு, கிடைக்கும் கட்டிகளை ஜிப்சத்துடன் அரைத்துச் செய்வது இது. இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை பெற்றார். சிமென்டோடு மணலும் தண்ணீரும் சேர்ந்தால் சாந்து, கொத்தனார் சொல்லும் ‘கலவை’. ஜல்லியும் சேர்ந்தால் கான்கிரீட்.

சிமென்ட் கூடினால் சுவர் உறுதிப்படும் என்பார்கள். கான்கிரீட்டில்கூட அது பாதி உண்மைதான். அங்கே வலிமையை முதன்மையாகத் தீர்மானிப்பது, சிமென்டுக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறோம் என்பதே. செங்கல் சுவரிலோ சாந்து செங்கல்லைவிடச் சற்று மென்மையாக இருப்பதே நல்லது. அஸ்திவாரம் சிறிது இறங்கும்போது 1:6 கலவை (ஒரு பங்கு சிமென்டுக்கு ஆறு பங்கு மணல்) அந்த அசைவை இணைப்புக்குள்ளேயே மயிரிழை விரிசல்களாக ஏற்றுக்கொள்ளும். 1:3 கலவை காயும்போதே கூடுதலாகச் சுருங்கும்; விரிசலையும் செங்கல்லுக்கே தள்ளிவிடும். இணைப்பைச் சுரண்டிப் புதுக் கலவை அடைக்கலாம், பிளந்த செங்கல்லை மாற்றுவது பெரும்பாடு. மென்மையான சாந்து சுமை தாங்குமா என்று கேட்பது நியாயமே. இணைப்பின் கனம் சுமார் 10 மில்லிமீட்டர்தான். மேலும் கீழும் செங்கல் இறுகப் பிடித்திருப்பதால், தனியாக நிற்கும்போது தாங்குவதைவிட அதிகச் சுமையை அது தாங்கும்.