திருவனந்தபுரத்தில் முளைத்த தமிழ்ப் பேப்பர்

தினமலர் பிறந்த ஊர் எது என்று கேட்டால் மதுரை என்பார்கள், திருநெல்வேலி என்பார்கள். பிறந்தது திருவனந்தபுரத்தில். 1951 செப்டம்பர் 6 அன்று டி.வி.ராமசுப்பையர் அதை அங்கேதான் தொடங்கினார். மலையாளத் தலைநகரில் தமிழ் நாளிதழா என்று இன்று தோன்றலாம். அன்றைய வரைபடத்தைப் பார்த்தால் வேறு எங்கே தொடங்கியிருக்க முடியும் என்று தோன்றும்.

அப்போது நாகர்கோவில், செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு எல்லாமே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. இன்னும் விசித்திரம் பாலக்காட்டுப் பக்கம்: பாலக்காடு நகரம் சென்னை மாநிலத்து மலபார் ஜில்லாவில், பக்கத்திலேயே இருக்கும் சித்தூர் கொச்சியோடு சேர்ந்து திருவனந்தபுரத்தின் ஆட்சியில். தோவாளை தொடங்கி சித்தூர் வரை 9 தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்தது. சட்டசபை இருந்தது திருவனந்தபுரத்தில், மந்திரிகளும் அங்கே, சாலைக் கடைவீதியில் தமிழ் வியாபாரிகளும் அங்கே. மலையாளப் பத்திரிகைகளுக்கு ஐக்கிய கேரளமே லட்சியம். சென்னைப் பத்திரிகைகளுக்கோ தோவாளையும் தேவிகுளமும் தூரத்து ஊர்கள். நடுவில் விழுந்த தமிழருக்குச் சொந்தமாக ஒரு பேப்பர் தேவைப்பட்டது.

இதில் நாம் தனி ஆள் இல்லை. 1930-களில் பலூச் மக்களுக்காக 'அல்-பலூச்' என்ற வார இதழ் கராச்சியிலிருந்து வந்தது. பல ஆட்சிகளுக்குள் சிதறிக் கிடந்த பலூச் நிலத்தை 1933-ல் ஒரே தேசமாக வரைபடம் போட்டு வெளியிட்டது. எல்லை கேட்பவர்களுக்கு முதலில் கிடைப்பது அச்சு இயந்திரம்தான். நிலம் கிடைப்பது பிறகு, அதுவும் கிடைத்தால்.

1954-ல் போராட்டம் சூடுபிடித்தது. தேவிகுளம் மலையில் தோட்டத் தொழிலாளர் மீது கெடுபிடி. மூணாறு சென்ற நேசமணி கைதானார். ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. திருவிதாங்கூர்-கொச்சி முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளையின் அரசு பதவி விலக வேண்டும் என்று அவருடைய கட்சியின் பொதுச் செயலாளர் லோகியாவே சொன்னார்.

மாநில எல்லைகளை மாற்றியமைக்க மத்திய அரசு நியமித்த பசல் அலி ஆணையம் 1955-ல் தீர்ப்புச் சொன்னது. தெற்கே 4 தாலுகாக்களும் செங்கோட்டையும் தமிழகத்துக்கு. தேவிகுளத்தில் தமிழர் அதிகம் என்பதை ஆணையமே மறுக்கவில்லை. ஆனாலும் அவர்கள் தோட்ட வேலைக்கு வந்தவர்கள், மலை கேரளத்தின் பொருளாதாரத்துக்கு வேண்டும் என்ற வாதம் எடுபட்டது. தலைமுறை தலைமுறையாக லயங்களில் குடியிருந்தவர்களை வந்துபோகிறவர்கள் என்று எழுதியது எனக்கு இன்றும் செரிக்காத வாதம். பீர்மேடு, சித்தூர், நெய்யாற்றின்கரையும் கிடைக்கவில்லை. 1956 நவம்பர் 1 அன்று புதிய மாநில எல்லைக் கோடு விழுந்தது.

அடுத்த ஆண்டே தினமலர் திருநெல்வேலிக்கு மாறிவிட்டது. வாசகர்களில் பெரும்பகுதி தமிழகத்துக்குள் வந்துவிட்ட பிறகு திருவனந்தபுரத்தில் அச்சடிப்பதில் பொருளில்லை. பேப்பருக்கு அது சுலபம். கொழுந்து பறிக்கிறவர்களுக்கு அப்படி மூட்டை கட்ட முடியாது. அவர்கள் இருந்த மலை 1972-ல் இடுக்கி மாவட்டமானது.

இப்போது தமிழ்ப் பேப்பர் கட்டுகள் தேனிச் சமவெளியிலிருந்து மேலே ஏறுகின்றன: போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகள் வழியாக மூணாறுக்கு, கம்பத்திலிருந்து குமுளிக்கு. சித்தூர்ப் பக்கம் கோவைப் பதிப்பு. தேனிப் பக்கங்களில் ஏலக்காய் விலையும் முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டமும் தவறாது. 142 அடியைத் தொட்டால் தமிழ்ப் பேப்பரில் அது ஐந்து மாவட்டப் பாசனத்துக்கு நல்ல செய்தி. அதே நாள் மலையாளப் பேப்பரில் அது 1895-ல் கட்டிய பழைய அணையைப் பற்றிய அச்சம். குமுளித் தமிழர் இரண்டையும் படித்துவிட்டுத்தான் கடை திறக்கிறார். வயல் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் கீழே கம்பத்தில், அவர் வீடு அணைக்குப் பக்கத்தில்.