வெண்கண்டல் செல்லில் நீரும் உப்பும்

வெண்கண்டல், அலையாத்திக் காடுகளின் சேற்றில் வளரும் மரம். தாவரவியல் பெயர் அவிசென்னியா மரைனா. மும்பையில் இதைப் பார்க்கப் பாண்டுப் பகுதிக்குப் போனால் போதும். கிழக்கு விரைவு நெடுஞ்சாலையைத் தாண்டிப் பம்பிங் ஸ்டேஷன் பாதையில் போனால் உப்பளங்கள், அப்பால் தானே கழி, கரையெங்கும் இந்த மரம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. அந்த நீரேறும் சேற்றில் வேரூன்றியும் இது பச்சை மாறாமல் நிற்கிறது.

சாதாரணச் செல்லை உப்பு என்ன செய்யும் என்பதை மாவடு ஜாடி காட்டும். மாட்டுங்கா கடையில் வாங்கிய வடுவைக் கல்லுப்புப் போட்டுக் குலுக்கி வைத்தால், சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலேயே இரண்டு மூன்று நாளில் நீர் விட்டிருக்கும்; தோல் சுருங்கியிருக்கும். செல்சவ்வு நீரை எளிதாக விடும், உப்பை அப்படி விடாது. அதனால் உப்பு மிகுந்த பக்கம் நோக்கி நீர் வெளியேறுகிறது. இதுவே சவ்வூடுபரவல். சவ்வில் நீருக்கென்றே அக்வாபோரின் என்னும் புரதக் குழாய்கள் உள்ளன. அவற்றைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரே 2003இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வெண்கண்டலின் இலைகள் நீராவியை விடும்போது தண்டின் நீர்க்குழாய்களில் கடும் இழுவிசை உண்டாகிறது. அது உப்பின் இழுப்பை வெல்கிறது. வேரின் அகத்தோலில் மெழுகு போன்ற பூச்சு செல்சுவர் வழியை அடைத்திருப்பதால் நீர் சவ்வைக் கடந்தே தீரவேண்டும். உப்பில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடுகிறது.

தப்பி நுழையும் சோடியத்தோடுதான் செல்லின் உண்மையான பாடு. சைட்டோபிளாசத்தில் அது தங்கினால் நொதிகள் கெடும். ஆகவே செல் தன் நடுவே பேரிடம் பிடித்திருக்கும் நுண்குமிழ்ப்பைக்குள் அதைத் தள்ளிவைக்கிறது. இது தானாக நடப்பதன்று. புரதப் பம்புகள் ஆற்றலைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளைப் பைக்குள் ஏற்றுகின்றன. அவை வெளியே திரும்பும்போது அந்த விசையில் சோடியம் உள்ளே போகிறது. சைட்டோபிளாசம் பையிடம் நீரை இழந்துவிடாதிருக்க, கிளைசின் பீட்டைன் என்னும் தீங்கற்ற பொருள் அதில் சேர்கிறது. மிச்ச உப்பை இலையின் சுரப்பிகள் வெளியேற்றும். மழையற்ற நாளில் இலையைத் தடவினால் விரலில் வெள்ளைத் துகள் ஒட்டும். நாவில் வைத்தால் கரிக்கும்.

பம்புகளாகும் புரதங்களைக் கோப்பவை ரைபோசோம்கள். அவற்றின் அமைப்பை விளக்கி 2009இல் நோபல் பெற்றவர்களில் ஒருவரான வெங்கி ராமகிருஷ்ணன் பிறந்த சிதம்பரத்துக்கு அருகிலேயே பிச்சாவரம் அலையாத்திக் காடு இருப்பது மனத்துக்கு இனிய தற்செயல். வெண்கண்டலின் உப்புத் தாங்கும் மரபணுக்களைப் பிரித்தெடுத்து நெல்லில் சேர்க்கும் ஆய்வைச் சென்னையின் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் செய்துள்ளது.

பம்புகளுக்கான ஆற்றலை, ஏ.டி.பி. என்னும் மூலக்கூறாக, செல்லின் மைட்டோகாண்ட்ரியா தருகிறது. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். கழிச்சேற்றில் அது மிகக் குறைவு. அதனால்தான் பென்சில் நட்டதுபோல மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் துளைகள் வழியே காற்று பரவி அடிவேர்வரை இறங்குகிறது. கட்டட இடிபாடுகளைக் கொட்டி அந்த வேர்களை மூடினால், மரத்தை வெட்டவே வேண்டாம்: ஆக்சிஜன் நிற்கும், பம்புகள் ஓயும், இத்தனை நாள் தடுத்துவைத்த உப்பு செல்லுக்குள் ஏறிவிடும்.