இடிக்கும் முன் ஒரு கேள்வி

ஒருவருடைய வீட்டை இடிக்க நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ அதிகாரம் உண்டா? உண்டு. வாய்க்காலை மறித்த மதிலையும் தெருவுக்குள் நீண்ட கட்டடத்தையும் அகற்றாவிட்டால் ஊர் ஊராக இராது. ஆனால் உரியவரை அழைத்து ஒரு வார்த்தை கேளாமல் இடிக்கலாமா என்பது வேறு கேள்வி. அதற்குச் சட்டம் விடை சொன்ன வரலாறு நாம் அறிய வேண்டியது.

இலண்டனின் வண்ட்ஸ்வர்த் பகுதியில் கூப்பர் என்பவர் வீடு கட்டினார். 1855ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலை தொடங்க ஏழு நாட்களுக்கு முன் உள்ளூர்ச் சபைக்கு அறிவிக்க வேண்டும். தவறினால் சபை இடிக்கலாம். கூப்பர் அறிவித்தேன் என்றார். சபை கிடைக்கவில்லை என்றது. வீடு இரண்டாம் தளம்வரை எழுந்திருந்தபோது, ஒருநாள் இருட்டிய பின் சபையின் ஆட்கள் வந்து தரைமட்டமாக்கினர். 1863இல் நீதிமன்றம் கூப்பர் பக்கமே தீர்ப்பளித்தது. இத்தனைக்கும், அறிவித்த ஐந்து நாட்களுக்குள் அத்திவாரம் வெட்டத் தொடங்கியதை அவரே ஒப்புக்கொண்டிருந்தார். தவறு செய்தவருக்கும் விளக்கம் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். சட்டத்தில் அப்படி எழுதப்படாவிட்டாலும் நீதி அதைச் சேர்த்தே வாசிக்கும் என்பதே தீர்ப்பின் சாரம்.

அத்தீர்ப்பில் நீதியரசர் பைல்ஸ் 1723ஆம் ஆண்டு வழக்கொன்றை நினைவுகூர்ந்தார். பென்ட்லி என்ற அறிஞரின் பட்டங்களைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் விசாரிக்காமலே பறித்த வழக்கு அது. ஆதமைக்கூட இறைவன் விளக்கம் கேட்ட பின்னரே தண்டித்தான் என்று அன்று சொல்லப்பட்டது. நமக்கு இது புதிதன்று. விலக்கப்பட்ட மரத்தை நெருங்கிய ஆதம் (அலை), ஹவ்வா (அலை) இருவரையும் இறைவன் அழைத்துக் கேட்டதையும், அவர்கள் பதில் சொன்னதையும் ஓதி வளர்ந்தவர்கள் நாம். எல்லாம் அறிந்தவனே கேட்டான் என்றால், அரைகுறையாய் அறிந்த அதிகாரி கேளாதிருக்க நியாயம் ஏது?

இந்தியாவில் பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கு 1985இல் முடிந்தது. முன்னறிவித்தல் இன்றியும் அகற்றலாம் என மாநகராட்சிச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. அறிவிப்பதே விதி, அறிவிக்காதிருப்பது விலக்கு என்றது உச்ச நீதிமன்றம். எனினும் குடிசைகள் தப்பவில்லை. மழைக்காலம் முடியும்வரை தவணை கிடைத்தது. 2024 நவம்பர் 13ஆம் திகதி அதே நீதிமன்றம் மேலும் சென்றது. பதினைந்து நாள் அறிவித்தல், நேரடி விசாரணை, காரணம் காட்டிய கட்டளை ஆகியவை கட்டாயம். மீறும் அதிகாரி தன் பணத்திலிருந்தே ஈடுசெய்ய வேண்டும். தெரு, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் எழுந்த கட்டடங்களுக்கு இது பொருந்தாது.

எமது நாட்டில் வாயில் காவலனாக நிற்பவர் நீதவான். நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 28அ பிரிவின்படி, முதலில் எழுத்து மூல அறிவித்தல். பணியாவிட்டால் நீதவானிடம் விண்ணப்பம். அவரும் உரியவருக்கு அறிவித்துத் திருப்தியடைந்த பின்னரே இடிக்கும் கட்டளை. ஆயினும் 2010 மே மாதம் கொழும்பு கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் படையினரும் பொலிஸாரும் நிற்க வீடுகள் தரைமட்டமாயின. சட்டம் தானாக எழுந்து வந்து வாசலில் நிற்பதில்லை.

அரச காணியில் இந்தக் காவலும் மெலிந்துவிடுகிறது. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி மீளப்பெறுதல் சட்டத்தில், செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் உண்டா என்ற ஒன்றைத்தான் குடியிருப்பவர் நீதவானுக்குக் காட்ட முடியும். எத்தனை தலைமுறை வாழ்ந்தோம் என்பது அங்கே எடுபடாது.

எங்கள் பகுதிக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. 2006ஆம் ஆண்டுப் போரில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள். சம்பூர்த் தமிழர்கள் கட்டைபறிச்சான் முகாமில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, 2015இன் பின்னரே ஊர் திரும்பினார்கள். ஓடுகிறவர் பிள்ளையைத் தூக்குவார். உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் தேடிக்கொண்டு நிற்கமாட்டார். அப்படிப்பட்டவருக்கு அறிவித்தலில் உள்ள நாட்கள் வெறும் தவணையல்ல. காணிப் பதிவகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடந்து பிரதி எடுக்கக் கிடைக்கும் ஒரே அவகாசம். தவறான கட்டளையைப் பின்னர் திருத்தலாம். இடிந்த சுவரைத் திருத்த முடியாது.

ஆகவே அறிவித்தல் வந்தால் அதைக் கிழித்தெறியவும் வேண்டாம், பயந்து வெளியேறவும் வேண்டாம். திகதியைக் குறித்து, எழுத்தில் பதில் கொடுத்து, பிரதியொன்றை வைத்துக்கொள்ள வேண்டும். சபையில் அமர்ந்திருப்போரும், இடிக்கும் தீர்மானத்துக்குக் கை உயர்த்துமுன், அந்த வீட்டுக்காரரிடம் கேட்டீர்களா என்று ஒருமுறை வினவட்டும்.