மாணிக்க கங்கையும் கதிர்காமக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும்

மாணிக்க கங்கை ஊவா மாகாணத்து ஆறு. பதுளை மாவட்டத்தின் நமுனுகுல மலைகளில் ஊற்றெடுத்து, மொனராகலை மாவட்டத்தில் புத்தல, கதிர்காமம் வழியாக ஓடி, யால வனத்தைக் கடந்து கடலில் சேர்கிறது. நீளம் ஏறத்தாழ 114 கிலோமீற்றர். சிங்களத்தில் இதன் பெயர் மெணிக் கங்கை. இலங்கையில் கழிவுநீரைக் குழாய் வழியாகச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொது அமைப்பு உள்ள ஊர்கள் மிகச் சில. கொழும்பு, கண்டி, குருநாகல் ஆகிய நகரங்களோடு காட்டோரச் சிற்றூரான கதிர்காமமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

அதற்குக் காரணம் ஊரின் குடித்தொகை அல்ல, கதிர்காமக் கோயிலுக்கு வரும் யாத்திரை. யாழ்ப்பாணத்திலிருந்து நடந்து வருவோரும் மலையகத் தோட்டங்களிலிருந்து வருவோரும் சிங்கள அடியார்களும் ஆடித் திருவிழாவுக்கு இந்த ஒரே கரையில்தான் கூடினார்கள். குடிப்பதும் குளிப்பதும் ஆற்றில். மலசலம் கழிப்பது கரையோரப் புதரில். 19ஆம் நூற்றாண்டில் வாந்திபேதி பரவும் என்று அஞ்சிய பிரித்தானிய அரசு யாத்திரைக்குக் கட்டுப்பாடு விதித்தது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வுல்ஃபும் இங்கு வந்து திருவிழாவை மேற்பார்வை செய்தார். வாந்திபேதி தண்ணீர் வழியே தொற்றுகிறது என்பதை ஜோன் ஸ்னோ 1854இலேயே லண்டனில் காட்டியிருந்தார். ஆனால் இங்கே தடுக்கப்பட்டது யாத்திரிகர்தான். கழிவைத் தடுக்கும் வேலை பிந்தியே வந்தது.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மோட்டார் வீதி வந்தபின் கூட்டம் பெருகியது. மடங்களும் விடுதிகளும் எழுந்தன. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 1975இல் இயங்கத் தொடங்கியது; கதிர்காமத்தின் கழிவுநீர் அமைப்பு அதன் பொறுப்பில் உள்ளது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1990இல் வெளியான விதிகள், உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்கு அளவு குறித்தன: ஐந்து நாள் உயிர்வேதி ஒட்சிசன் தேவை லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, தொங்கும் திண்மம் 50ஐத் தாண்டக்கூடாது.

கதிர்காமம் போன்ற ஊரில் இந்த அளவைக் காப்பது எளிதல்ல. சாதாரண நாளில் சிற்றூரின் கழிவு. திருவிழா நாட்களில் திடீரென ஒரு நகரத்தின் கழிவு. கழிவைத் தின்று அழிக்கும் நுண்ணுயிர்களுக்கு அன்றாடம் சீரான தீனி வேண்டும். வெறுமையும் வெள்ளமும் மாறி மாறி வந்தால் இயந்திர நிலையங்கள் தடுமாறும். இத்தகைய இடங்களுக்கு விரிந்த குளங்கள் பொருந்தும். பாசி வெயிலில் ஒட்சிசன் விடும், பக்டீரியா அதைக் கொண்டு அழுக்கை உடைக்கும், நாட்கணக்கில் தேங்கும் நீரில் வெயிலே கிருமியைக் கொல்லும். மின்சாரச் செலவு சொற்பம், தேவைப்படுவது நிலம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆடி மாதம் இப்பகுதிக்கு வறட்சிக் காலம். மழையைத் தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஆள் மிகும் நேரத்தில்தான் ஆறு மெலிகிறது, அழுக்கைக் கரைக்கும் வலுவும் குறைகிறது. மேலே வெஹெரகலவில் அணை கட்டி நீரின் ஒரு பகுதியை லுணுகம்வெஹெர பக்கம் திருப்பியபின், கோடை ஓட்டம் மதகுகளையும் நம்பியிருக்கிறது. திருவிழா இந்த ஆற்றில் தீர்த்தம் வெட்டுவதோடுதான் நிறைவுறுகிறது. அன்று அடியார்கள் தலை முழுகுவதும் இதே நீரில்தான்.

ஆற்றின் தலைப்பக்கத்தை வரலாறு நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. அங்கே 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு லயங்கள் கட்டினார்கள், தண்ணீருக்குப் பீலி வைத்தார்கள். சமையல் நீரும் சலவை நீரும் திறந்த கான் வழியே ஓடைக்கு இறங்கின. கங்கையில் முழுகக் கதிர்காமத்துக்கு வந்த தோட்டத்து மக்களின் ஓடைகளும் அதே கங்கையின் கிளைகள். கோயிலடியில் இருக்கும் சுத்திகரிப்பு ஆற்றின் கடைசிப் பகுதியை மட்டுமே காக்கும். மேலேயுள்ள லயங்களுக்கு மூடிய கானும் கசியாத மலக்குழியும், அவற்றை வேளைக்கு இறைக்கும் பவுசரும், இறைத்த சேற்றைச் சுத்திகரிக்கும் இடமும் கிடைக்கும்வரை மாணிக்க கங்கையின் பாதுகாப்பு அரைகுறையே.