கிரீந்திரசேகர் போஸ்
இந்தியாவின் முதல் உளப்பகுப்பாய்வாளரான கிரீந்திரசேகர் போஸை (இறப்பு 1953) பிராய்டின் சீடர் என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். தந்தை சந்திரசேகர் தர்பங்கா சமஸ்தானத் திவான். அண்ணன் ராஜசேகர், 'பரசுராம்' என்ற புனைபெயரில் வங்கத்தையே சிரிக்க வைத்தவர். இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர் எவருக்கும் எளிதில் தலையாட்டமாட்டார். 1922இல் கல்கத்தாவில் தொடங்கிய உளப்பகுப்பாய்வுச் சங்கத்துக்குப் பிராய்டின் அங்கீகாரத்தைத் தேடினாரே எனலாம். தேடினார், பணியவில்லை. ஒவ்வோர் ஆசைக்குள்ளும் அதன் எதிராசை உண்டு என்ற தம் கோட்பாட்டை அவர் கைவிடவே இல்லை. ஆண்மை இழக்கும் அச்சம் இந்திய நோயாளிகளிடம் அவ்வளவு வலுவாக இல்லை என்று 1929இல் பிராய்டுக்கே எழுதினார். பிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்கு, 1931இல், சங்கம் அனுப்பியது தந்தத்தால் ஆன விஷ்ணு சிலை; அதற்கு மாதிரி, திருவிதாங்கூரின் பழைய கற்சிலை. 1940இல் சங்கத்தின் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை எழுந்தது அண்ணன் கொடுத்த இடத்தில்.