ஒளியும் அகலமும்



இராக்காலத்திலே ஒரு சிறிய அறை. ஒரேயொரு விளக்கு எரிகின்றது. அங்கே கூடியிருக்கும் பத்துப் பேரையும் மின்வெட்டொளியின் உதவியின்றி ஒரே படத்தில் அடக்கவேண்டும். பின்வாங்கி நிற்கவோ சுவர் இடந்தராது. அகன்ற காட்சியை அடக்குவதும், மிகுந்த ஒளியை உள்ளே விடுவதுமாகிய இரு குணங்களும் பொருந்திய வில்லையே இங்கு வேண்டப்படுவது. அகல்கோண விரைவு வில்லை என்பது அதன் பெயர். ஒளி மிகுந்தால் கமராவின் கதவை விரைவில் மூடிவிடலாம். அதனாலே ‘விரைவு’ என்றனர். இத்தகைய வில்லையின் விலையைக் கேட்டுத் திகைத்தவர் பலர். அந்த விலைக்கு ஒரு வரலாறு உண்டு.

1839ஆம் ஆண்டிலே டகேர் தமது ஒளிப்பட முறையைப் பாரிசில் வெளியிட்டபோது, ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. மறு ஆண்டிலே வியன்னாவில் கணிதப் பேராசிரியராயிருந்த யோசப் பெட்ஸ்வால் என்பவர், ஆஸ்திரியப் பீரங்கிப் படையிலே கணக்கில் வல்லவர்களைத் துணைக்கொண்டு, எஃப் 3.6 அளவான ஒரு வில்லையை வகுத்தார். அன்றைய வில்லைகளைப் பார்க்கிலும் அது ஏறத்தாழ 16 மடங்கு ஒளியை விட்டது. ஆனால், நடுப்பகுதி மாத்திரமே தெளிவு. ஓரங்கள் சுழன்று மங்கின. முகத்தைப் படம் பிடிப்போர் அதனைக் குறையாகக் கொள்ளவில்லை. அழகென்றே சிலர் கருதியிருத்தலுங் கூடும்! அதனைச் செய்து விற்ற வொய்க்லெண்டர் நிறுவனம் செழித்தது. ஒரு தொகையை ஒருமுறை பெற்றதோடு நின்ற பெட்ஸ்வாலுக்கோ மனக்கசப்பே மிஞ்சியது.

இதற்கு நேர்மாறானது, 1900ஆம் ஆண்டிலே பேர்லினில் கோர்ஸ் நிறுவனத்துக்காக எமில் வொன் ஹோக் வகுத்த ‘ஹைப்பர்கொன்’. அரைக்கோளம் போன்ற இரு மெல்லிய கண்ணாடிகள், அவ்வளவே. ஏறத்தாழ 135 பாகை அகலமான காட்சி அதில் அடங்கியது. ஆனால் அதன் துவாரம் எஃப் 22. அன்றியும், சரிந்து வரும் ஒளி ஓரத்தை அடையும்போது மிக மெலிந்துவிடுகின்றது. இவ்வளவு அகலத்திலே ஓரத்துக்குக் கிடைப்பது நடுவிற் கிடைப்பதில் ஐம்பதிலொரு பங்கு மாத்திரமே. இதனைச் சமன்செய்யக் கையாண்ட உபாயம் விசித்திரமானது. வில்லைக்கு முன்னே நட்சத்திர வடிவான ஒரு சிறு தகட்டை நிறுத்தி, இறப்பர்க் குமிழை அழுத்திக் காற்றூதி, அதனைச் சுழலச் செய்தார்கள். அது நடுப்பகுதியின் ஒளியை மறைத்தது. பின்னர் அதனை விலக்கிவிட்டுப் படத்தை முடித்தார்கள். கட்டடங்களுக்கு இது ஏற்றது. சற்றேனும் அசையும் மனிதருக்கு ஆகாது.

இவ்விரண்டையும் இணைக்க முயன்றோருக்கு வேறோர் இடையூறும் வந்து சேர்ந்தது. வில்லை வழியாகவே காட்சியைப் பார்க்க உதவும் கமராக்களிலே, வில்லைக்கும் பிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி எழுந்து தாழவேண்டும். அகல்கோண வில்லையோ பிலிமை நெருங்கியிருக்க விரும்புவது. 1950இலே பிரான்சு நாட்டவரான பியேர் ஆன்ஷெனியூ, முன்னே ஒரு குழிவில்லையைச் சேர்த்து, 35 மில்லிமீற்றர் வில்லையைப் பின்னுள்ள கண்ணாடிக்கு இடம்விட்டு நிற்கச் செய்தார். துவாரம் எஃப் 2.5. இவ்வழியிலே கண்ணாடித் துண்டுகள் பெருகின. பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடி முகமும் நூற்றுக்கு நான்கு பங்கு ஒளியைத் திருப்பிவிடும். 16 முகங்கள் இருந்தாற் பாதியளவே மிஞ்சும். 1935இலே ஜேர்மனியில் சைஸ் நிறுவனத்தின் ஸ்மக்குலா கண்ட மென்பூச்சு இல்லையேல், இம்முறை பயன்பட்டிராது.

1999இலே நிக்கொன் டி1 என்னும் டிஜிற்றல் கமரா வந்தபோது, பழைய வில்லைகள் தம் அகலத்தை இழந்தன. அதன் உணர்தகடு பிலிமிலுஞ் சிறியது. ஆதலால் 28 மில்லிமீற்றர் வில்லை, பிலிமில் 42 மில்லிமீற்றர் வில்லை காட்டுமளவையே காட்டிற்று. 2005இலே சிக்மா நிறுவனம் இச்சிறு தகட்டுக்கென வெளியிட்ட எஃப் 1.4 வில்லையும் 30 மில்லிமீற்றரே. பத்துப் பேருள்ள நமது அறைக்கு அது போதாது. 24 மில்லிமீற்றராவது வேண்டும். முழு அளவுத் தகடுள்ள கமராவாயின் 35 போதும். வாங்குவோர் முதலிலே தம் கமராவின் தகட்டளவை அறிந்துகொள்ளல் அவசியம்.

எஃப் 2ஐப் பார்க்கிலும் எஃப் 1.4 இருமடங்கு ஒளியை விடும் என்பது மெய்யே. ஆயினும், முழுத்துவாரத்தில் ஓரங்கள் கெடுமாயின் அந்த இருமடங்குக்குக் கொடுத்த பணம் வீண் என்பது என் எண்ணம். சோதிப்பது எளிது. இருட்டியபின் வில்லையைக் கமராவிற் பூட்டி, துவாரத்தை முழுதுந் திறந்து, தெருவிளக்கொன்றைப் படத்தின் மூலையில் வைத்து எடுத்துப் பாருங்கள். விளக்கு ஒரு புள்ளியாக விழுந்தால் நன்று. சிறகு விரித்த பறவைபோல விழுந்தால், துவாரத்தை எஃப் 2.8 வரை குறைத்து மீண்டும் ஒருமுறை எடுங்கள். அப்போதுதான் சிறகு மடங்குகிறதென்றால், விலைகுறைந்த எஃப் 2.8 வில்லையையும் கடைக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம்.